நைட்டி வாங்கப் போன ஏழு கிலோ அரிசி

சனிக்கிழமை எனக்கு ஒரே வேலைதான். ரங்கநாதன் தெருவுக்குப் போய் ஜிப் வெச்ச நைட்டி ரெண்டு வாங்கிட்டு வரணும். என் மனைவி திவ்யாவுக்கு எட்டாவது மாசம்.

ஒரு சின்ன நிபந்தனை. வயித்துல ஏழு கிலோ அரிசியைக் கட்டிக்கிட்டுப் போகணும்.

எல்லாம் என் வாயால வந்த வினை. அபிராமபுரத்துல திவ்யாவுக்குப் பிரசவம் பாக்கப்போற மிட்வைஃப் ஸ்டெல்லா சிஸ்டர், முதல் தடவை அப்பா அம்மா ஆகப்போறவங்களுக்கு வகுப்பு எடுக்கறாங்க. அங்க திவ்யா, "முதுகு வலிக்குது சிஸ்டர்"னா. சிஸ்டர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்.

"இவ உக்கார்ற விதமே தப்பு சிஸ்டர். வீடியோ பாத்து தினமும் சொல்றேன், கேக்க மாட்டேங்கறா."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினாங்க. "பிரசவத்தப்போ நீங்க உள்ள இருக்கணுமா?"

"ஆமா சிஸ்டர். அதுக்குத்தானே வகுப்புக்கே வர்றேன்."

"அப்ப ஒரு வீட்டுப்பாடம். ஏழு கிலோவைக் கட்டிக்கிட்டு ஒரு கடைக்குப் போயிட்டு வாங்க. முடிச்சா உள்ள. இல்லன்னா வெளிய பெஞ்சு."

பொன்னி அரிசியைத் தொட திவ்யா விடல. "எப்படியும் கொட்டுவ. ரேஷன் அரிசியை எடுத்துக்கோ." அதைத் தலையணை உறையில போட்டு, துப்பட்டாவால இறுக்கிக் கட்டி, மேல ஒரு லூஸ் சட்டை. கண்ணாடியில பாத்தா எங்க மேனேஜர் மாதிரியே இருந்தேன்.

கே.கே. நகர்ல பஸ் ஏறினதுமே கண்டக்டர், "இன்னா சார், இம்மாந்தொப்பைய வெச்சிக்கினு வழியில நிக்கிற? உள்ள போ"ன்னார். ஒருத்தர் வெந்நீர்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிக்கச் சொன்னார். இன்னொருத்தர் தினமும் நடக்கச் சொன்னார். ரெண்டு பேரும் உக்காந்துக்கிட்டேதான் சொன்னாங்க.

தி.நகர் போறதுக்குள்ள இடுப்பு கழண்டுடுச்சு. நைட்டி கடை வாசல்ல ஒரு கவர் கீழ விழ, பழக்கதோஷத்துல குனிஞ்சேன்.

டர்னு ஒரு சத்தம். சட்டைக்கு அடியில இருந்து அரிசி கொட்ட ஆரம்பிச்சுது. நிறுத்தவே முடியல.

பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரர் வந்தார். நாலு அரிசிய எடுத்து உள்ளங்கையில தேய்ச்சார். "ரேஷன் அரிசி. எத்தன நாளா நடக்குது?"

பதட்டத்துல, "எட்டு மாசமா சார்"னேன்.

"கூட யாரு?"

"சார், கடத்தல் இல்ல சார். வீட்டுப்பாடம்."

"எந்த ஸ்கூல்?"

கூட்டம் கூடிடுச்சு. "கடத்துறவன் மூட்டையா கடத்துவான். இவன் இன்னா, தொப்பையில கடத்திக்கினு கீறான்?"னு ஒருத்தர் ரொம்ப வருத்தப்பட்டார்.

ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் போட்டு அவர்கிட்ட குடுத்தேன். ரெண்டு நிமிஷம் கேட்டார். போனைத் திருப்பிக் குடுத்தார். கடைக்குள்ள போய் ஒரு ஸ்டூல் எடுத்துட்டு வந்து என் பின்னாடி போட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டார்.

உக்காந்தேன். வெக்கத்த விட்டுச் சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"எப்படி இருக்கு?"ன்னாங்க போன்ல சிஸ்டர்.

"முதுகு உடையுது சிஸ்டர். வழியெல்லாம் ஆளாளுக்கு யோசனை சொல்றாங்க. உக்கார்றியான்னு ஒருத்தரும் கேக்கல. இவர் ஒருத்தர்தான் பேசாம ஸ்டூல் போட்டார்."

"உள்ள உங்க வேலையும் அதுதான். பேசறதுக்கு நாங்க இருக்கோம். பாஸ்."

ஜெயிச்ச மிதப்புல வீட்டுக்கு வந்தேன். திவ்யா முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "நைட்டி எங்க?"

மறந்தே போயிட்டேன். சமாளிக்கணுமே. "அத விடு. அனுபவத்துல சொல்றேன் கேளு, நிக்கும்போது எடைய ரெண்டு கால்லயும் சமமா..."

"வெளிய பெஞ்சு இன்னும் காலியாத்தான் இருக்காம்"னா.

வாயை மூடிக்கிட்டு நாற்காலிய இழுத்துப் போட்டேன்.