சீலா, கருவாடு, கழிவு

கம்ப்யூட்டருக்கு மூளை கொடுக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள், முதலில் அது தங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் மாமனார் இன்றைக்கும் தூத்துக்குடியில் வெறும் மிக்கேல் அண்ணாச்சியாகவே இருந்திருப்பார்.

அப்போது அவர் என் மாமனார் இல்லை. சொந்தப் படகுகளும் ஒரு மீன் ஏலக்கூடமும் அதற்கேற்ற மீசையும் வைத்திருந்தவர். அவர் மகள் ஜெனிட்டாவுக்கு என்னைப் பிடித்திருந்தது (எந்தக் கண்ணால் பார்த்தாளோ). நான் சென்னையில் கணினி வரைகலையும் செயற்கை நுண்ணறிவும் படித்து முடித்து ஊர் திரும்பி, வேலை கிடைக்காததற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்து வீட்டோடு இருந்தேன். பெண் கேட்டுப் போனபோது அண்ணாச்சி காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல படம் வரையுதியளாமே தம்பி. அத வச்சு எம்மவளுக்கு எப்படிச் சோறு போடுவிய?”

வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்திருக்கலாம். குடித்தேனா? உங்கள் ஏலக்கூடத்தில் ஒரு கேமராவை மாட்டினால் போதும், மீனைப் பார்த்த கணத்தில் இன்ன மீன், இன்ன தரம் என்று டிவியில் சொல்லிவிடும் என்று அளந்துவிட்டேன். அவர் யோசித்தார். வருகிற கோயில் திருவிழா அன்று காலை ஏலத்தில் அதைச் செய்து காட்டச் சொன்னார். சரியாகச் செய்தால் கல்யாணம் பேசலாம், சொதப்பினால் வேறு பெண் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கதவுக்குப் பின்னால் ஜெனிட்டா தலையில் அடித்துக்கொண்டது எனக்கு மட்டும் தெரிந்தது.

இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க மீன் படங்கள் ஏராளமாக வேண்டும். கடற்கரைக்குப் போய் எடுத்தேன். விற்கிற மீனைப் போட்டோ பிடித்துக் கண்ணு வைக்கிறான் என்று மீன்கார அக்காமார் விரட்டிவிட்டார்கள். அதனால் என்ன, நான் படித்த படிப்பே வரைகிற படிப்புதானே? ஈரச் செதில், வெயில் பட்டால் வரும் மினுக்கம், பழசான மீனின் குழிவிழுந்த கண் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே வரைந்து கற்றுக்கொடுத்தேன். தரம் நான்கு: ஏற்றுமதி, உள்ளூர், கருவாடு, கழிவு. மீன் அல்லாத பொருளும் உலகத்தில் உண்டு என்பதை மட்டும் நான் அதற்குச் சொல்லவில்லை. எனக்கே அது அப்போது தோன்றவில்லை.

திருவிழா அன்று மேசைக்கு மேலே கேமரா, சுவரில் பெரிய டிவி. ஏலம் கூறும் சேவியர் அண்ணாச்சிக்கு மிக்கேல் அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மீனைப் பார்க்கவே கூடாது, டிவியில் வரும் எழுத்தை மட்டும்தான் பார்த்துக் கூற வேண்டும். அவரும் மேசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பாறை மீன், உள்ளூர். ஊளி, ஏற்றுமதி. வரிசையாகச் சரியாகவே வந்தது. மிக்கேல் அண்ணாச்சி மீசைக்குள் சிரித்தார். நான் மனசுக்குள் மண்டபம் பிடித்துப் பிரியாணிக்கும் சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் பிலோமினா மாமி, அதாவது மிக்கேல் அண்ணாச்சியின் மனைவி, திருவிழாப் பூசை முடித்து நேராக வந்தார். வெள்ளி நிறப் பட்டுச்சேலை, குறுக்கே கறுப்புக் கோடுகள். வரப்போகிற மருமகன் என்னதான் செய்து வைத்திருக்கிறான் என்று ஆசையோடு மேசைமேல் குனிந்தார். டிவியில் மாமியைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது.

“சீலா! ஏற்றுமதித் தரம்! கேளுங்க!” என்று சேவியர் அண்ணாச்சி முழங்கினார்.

சீலா (சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம்; அதற்கும் வெள்ளி உடம்பு, குறுக்கே கறுப்புக் கோடு) என்றதும், போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார். மிக்கேல் அண்ணாச்சிக்கு வந்த கோபம்! மாமியை இழுக்க ஓடிவந்து அவரும் மேசைமேல் சாய்ந்தார். வெயிலில் காய்ந்த உடம்பு, கசங்கிய காக்கிச் சட்டை.

“கருவாடு!” என்றார் சேவியர் அண்ணாச்சி, திரும்பாமலே.

ஒருவரும் விலை கேட்கவில்லை. ‘யாருமே கேக்கலியா?’ என்று அவர் வேறு வருத்தத்தோடு இன்னொரு முறை கூறினார். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் கேமராவைப் பிடுங்கப் பாய்ந்தேன். டிவியில் என் முகம் பெரிதாகத் தெரிந்தது. அதன் கீழே கழிவு என்று எழுதியிருந்தது.

கல்யாணம் அங்கேயே முடிந்துபோனது என்றுதான் நினைத்தேன். வீட்டில் அம்மா என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழவும் செய்தேன். சாயங்காலம் ஜெனிட்டா போன் செய்தாள். வீட்டில் பெரிய சண்டையாம். இந்தப் பயலுக்குப் பெண் கிடையாது என்று அண்ணாச்சி குதித்திருக்கிறார். மாமி பட்டுச்சேலையை மாற்றாமலே உட்கார்ந்து ஒன்று கேட்டாராம்.

“இத்தன வருசமா ஒம்ம கூடக் குடும்பம் நடத்துதேன். ஒரு நாளாவது என்னைய நல்லாருக்கன்னு சொல்லியிருக்கீரா? அந்தப் பையன் மிஷினுக்குத் தெரியுது. அவந்தான் மாப்பிள்ளை.”

அண்ணாச்சி எழுந்துபோய்க் காலண்டரில் கல்யாணத்துக்கு நாள் பார்த்தாராம். எங்கள் கல்யாணத்துக்கும் மாமி அதே சேலையைத்தான் கட்டினார்.

இப்போது என் இயந்திரம் மனிதர்களையும் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுகிறது. ஒரு மீன் கம்பெனியில் ஒழுங்காக வேலை செய்து எனக்குச் சோறும் போடுகிறது. ஆனால் வீட்டில் யாரும் புதுத் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் மாமி அடுக்களையிலிருந்து கேட்பார்: “ஏளா ஜெனி, கருவாட்டுக்குச் சோறு போட்டாச்சா?”

என் மாமனார் தலை நிமிராமல் இலையை என் பக்கம் தள்ளுவார்.

“மொதல்ல கழிவுக்குப் போடு. அதுதான் ஆராய்ச்சி பண்ணிக் களைச்சுப் போய் வந்திருக்கு.”