காபி டப்பாவில் விழுந்த ஓட்டு

எல்ம் ஃபோர்க், அயோவா
ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து

மாநில நாணய இதழின் மதிப்புக்குரிய ஆசிரியரும் என் மைத்துனருமான மெர்ல் ஸ்டோல்ட்ஸ் அவர்களுக்கு, எல்ம் ஃபோர்க் நாணயக் கழகத் தலைவர் எல்வுட் ஹஸ்காம்ப் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா வெர்னாவும் தோட்டத்துச் சோளமும் நலம். அங்கே நீயும் டெல்மாவும் பெண்களும் நலம் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் போதும். ஆசிரியரை நீங்கள் என்றும் மைத்துனனை நீ என்றும் ஒரே காகிதத்தில் எழுத என்னால் ஆகாது, ஆகவே இனி நீதான்.

இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து குறைக்காமல் அடுத்த இதழில் போட்டுவிடு. ஆர்ஃபா லிண்ட்குவிஸ்டும் உனக்கு ஒன்று எழுதப்போவதாகக் கேள்வி. அதற்கு முன்னால் இது வரவேண்டும். ஆர்ஃபாவை உனக்குத் தெரியும். பள்ளி நூலகத்தை நடத்தி ஓய்வு பெற்றும் இன்னும் எல்லாரையும் "உஷ்" என்கிற அம்மாள். எங்கள் கழகத்தில் ஃப்ராங்க்ளின் கட்சிக்கு அவர்தான் தலைமை. கவுண்டி சந்தையில் நாங்கள் வருடா வருடம் நினைவுப் பொருளாக அச்சடித்துக் கொடுக்கும் மரக்காசில் இந்த முறை ஒரு பழைய அரை டாலர் வடிவத்தைப் போடலாம் என்று முடிவானது. எதைப் போடுவது என்பதில்தான் வசந்தம் முழுக்கச் சண்டை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டால் காபி ஆறிப்போகும் வரை கத்தல், லெமன் பார் இனிப்பை வாயில் வைத்துக்கொண்டே கத்தல்.

என் வாதம் மிக எளிது, மெர்ல், நீயே நியாயம் சொல். நம் அரை டாலரில் சுதந்திர தேவி அரை நூற்றாண்டுக்கு மேல் பாறை மேல் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு தலையை மட்டும் காட்டினாள். அதுவும் ரயிலைத் தவறவிட்டவள் மாதிரி உம்மென்ற முகம், எருதுக் கழுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில்தான் எழுந்தாள். எழுந்தது மட்டுமா, கொடியைப் போர்த்திக்கொண்டு, கை நிறைய இலைக்கொத்தோடு, உதிக்கிற சூரியனைப் பார்த்து நடந்தாள்! அதற்குப் பிறகு வந்தது என்ன? ஒரு பக்கம் வழுக்கைத் தலைக் கிழவர் ஃப்ராங்க்ளின், மறுபக்கம் விரிசல் விட்ட மணி. கழுகு வேண்டும் என்று சட்டம் சொன்னதால் ஒரு ஓரத்தில் குருவி அளவுக்கு ஒன்றை ஒட்டிவைத்தார்கள். கல்யாணப் போட்டோவில் யாரென்று தெரியாமல் எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி நிற்கிறது பாவம். தேவியின் அழகு பளபளப்பிலும் இல்லை. என் ஆல்பத்தின் உயிரான அந்த இருபத்தொன்றாம் வருடத்து, டென்வர் நாணயச்சாலையில் அடித்த காசை எடுத்துக்கொள். நீ பார்த்துப் பெருமூச்சு விட்டாயே, அதுதான். கறுத்துத் தேய்ந்து வருடம் மங்கலாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அவள் நடக்கிறாள்! அந்த வரிசையிலேயே குறைவாக அடித்த காசு அது, என்ன கொடுத்தாலும் இன்னொன்று கிடைக்காது என்பதையெல்லாம் வெர்னாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒரே விதி, பளபளக்கிறதைத் தொடாதே. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட மீறியதில்லை, தங்கமானவள்.

இதையெல்லாம் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஆர்ஃபா அசையவில்லை.

"நடக்கிறா நடக்கிறான்னு முப்பது வருஷமா நடந்தாளே தலைவரே, எங்க போய்ச் சேர்ந்தா?" என்றார். "பாதி காசுல அவ கட்டைவிரலையே காணோம், அச்சே சரியா விழல. எங்க மணியில கோடுங்களை ஒண்ணொண்ணா எண்ணலாம்."

"விரிசல் விட்ட மணி," என்றேன் நான்.

"விரிசல் விட்டாலும் அதை ஊரே போய்ப் பாக்குது. உங்க வாயில விரிசலே இல்ல, கேக்கத்தான் ஆளில்ல."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் விடவில்லை. கை தூக்கி ஓட்டுப் போடுவது யாருக்கும் சுலபம், வாயால் நேசிக்கிறவன் காசால் காட்டட்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். ஒவ்வொருவரும் தான் விரும்பும் வடிவத்தில் ஒரு அரை டாலரைக் காபி டப்பாவில் போடவேண்டும். பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் சின்ன அறைக்குள் ஒவ்வொருவராகப் போய், மூடியில் கீறிய ஓட்டை வழியாக, ரகசியமாக. போட்ட காசு திரும்பாது. சந்தைக்கு வரும் குழந்தைகளுக்குப் போகும். கடைசி விஷயம் ஆர்ஃபாவின் யோசனை, நல்ல யோசனைதான். நான் அதோடும் நிற்கவில்லை. தேவி தோற்றால் தலைவர் சுத்தியலை ஆர்ஃபா கையில் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருகிறேன் என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். அந்தச் சுத்தியல் வால்நட் மரம், மெர்ல். அதை மேஜையில் தட்டினால் என் பேச்சுக்கு அமைதி கிடைக்கும், ஊரில் அப்படி ஒரே இடம் அந்தக் கீழ்த்தளம்தான். அது போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் பணயம் வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஓட்டு. எல்லாரும் உள்ளே போய் வந்தார்கள், குடும்ப உறுப்பினர் என்ற முறையில் உன் அக்காவும். பொருளாளர் டுவைட் டோலெஃப்சன் டப்பாவைத் திறந்தார். அவருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது, ஒவ்வொன்றையும் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"கென்னடி," என்றார். யாரோ சிரித்தார்கள். "கென்னடி," என்றார் மறுபடி. "இதுவும் கென்னடி. ஏம்ப்பா, என்ன விளையாட்டு இது? இதுவும் அவருதான்."

மெர்ல், இன்றைக்கும் பேங்கில் கேட்டால் சுருள் சுருளாகத் தூக்கிக் கொடுக்கிற கென்னடி அரை டாலர்! அதற்கு ஆதரவாக எங்கள் கழகத்தில் இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. டப்பா காலியாகும் வரை கென்னடியேதான் வந்தார். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் லெமன் பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அடியிலிருந்து ஒன்றை எடுத்து, "அட, இதோ ஒரு நடக்கிற தேவி!" என்று தூக்கிக் காட்டிவிட்டு டப்பாவிலேயே போட்டார் டுவைட்.

அப்போதுதான் ஆர்ஃபா எழுந்தார். "மறைக்க என்ன இருக்கு, நான் போட்டதும் கென்னடிதான். என் ஃப்ராங்க்ளின் அந்தத் தகரத்துல 'டங்'குனு விழுறதை நெனச்சா போட மனசே வரல. மத்தவங்க போடுவாங்க, நம்ம ஒரு ஓட்டு குறைஞ்சா என்னன்னு விட்டுட்டேன். நீங்க எல்லாரும் அப்படித்தானே? சொன்னதைச் செஞ்சது இந்த எல்வுட் ஒரே ஆள். மனுஷன் வாய் ஓயாம பேசினாலும் தன் காசைப் போட்டுட்டார்யா! சுத்தியல் அவர்கிட்டயே இருக்கட்டும்."

எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆர்ஃபாவும் தட்டினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். மரக்காசில் கென்னடி வரட்டும், அதனால் என்ன? எந்த வடிவம் உயர்ந்தது என்பது நிரூபணமாகிவிட்டது. தனக்காக ஒருவனைத் தன் காசையே இழக்கத் துணியவைத்தது தேவி மட்டும்தான். தலைப்பு "கொள்கை உள்ள ஒரே ஓட்டு" என்று இருக்கலாம். என் புகைப்படம் தனியாக அனுப்புகிறேன், சுத்தியலோடு எடுத்தது.

உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கட்டும். உன் காசுகளில் பச்சை ஏறாமலும், உன் வீட்டில் யாரும் அவற்றைத் துணி போட்டுத் தேய்க்காமலும் இருக்கக் கர்த்தர் அருள் புரியட்டும்.

அன்புடன் உன் அத்தான்,
எல்வுட் ஹஸ்காம்ப்
தலைவர்

பின்குறிப்பு: இந்தப் பகுதியைப் பிரசுரிக்காதே. உறையில் போடுமுன் கடிதத்தை வெர்னாவிடம் படிக்கக் கொடுத்தேன். "அந்தத் தேவியைப் போட்டது நான்ல?" என்றாள். நான் போட்டதும் கென்னடிதான், மெர்ல். அந்த அறைக்குள் தேவியைக் கையில் எடுத்தேன், பிறகு பையிலேயே போட்டுவிட்டேன். கைதட்டியபோது, நம் கட்சி ஆள் யாரோ போட்டிருக்கிறான், வெட்கத்தில் சொல்லமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். "நீங்க தோத்துடக் கூடாதேன்னுதாங்க போட்டேன்," என்றாள் வெர்னா. "உங்க ஆல்பத்துலேர்ந்துதான் எடுத்தேன். பயப்படாதீங்க, பளபளக்கிற எதையும் தொடல. இருக்கிறதுலயே கறுப்பா, தேஞ்சுபோனதாப் பாத்து எடுத்தேன்." ஓடிப்போய் ஆல்பத்தைத் திறந்தேன். இருபத்தொன்று டென்வர் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை.

டப்பா ஆர்ஃபா வீட்டில் இருக்கிறது. ஃப்ராங்க்ளின் கட்சிக்காரர் தேவியைத் திரும்பியும் பார்க்கமாட்டார் என்பதுதான் ஒரே நம்பிக்கை. போய்க் கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று சொல்லவேண்டும், சொன்னால் சுத்தியல் போய்விடும். சனிக்கிழமை காலை சந்தையில் குழந்தைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒன்றாக அவர்களையே பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்வார். நீ வெள்ளிக்கிழமையே கிளம்பி வா. இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வா, வரிசையில் முதலில் நிற்கவேண்டும். வருகிற வழியெல்லாம் அவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டே வா: பளபளக்கிறதைத் தொடாதே.