பஸ்ஸில் தண்ணீர் கறந்தவர்

உலகத்திலேயே பஸ்ஸில் தண்ணீர் கறந்தவர் ஒருவர்தான். இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் கராஜ் வைத்திருந்த எங்கள் ஹைட்ரஜன் பாஸ். மெக்கானிக்கை இங்கே பாஸ் என்போம். ஹைட்ரஜன் அவராகத் தேடிக்கொண்ட பட்டம்.

நான் ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர். “ஹட்டன், ஹட்டன்” என்று கத்தவே கூச்சப்படும் கண்டக்டர். டீசல் தட்டுப்பாடு வந்தது. கத்த வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. பஸ், பாஸின் கராஜ் வாசலில் பாசி பிடித்து நின்றது.

பாஸின் மனைவி ராசம்மா அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் இரண்டு நாள் ஹட்டன் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அவருக்கு எங்கள் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை.

“டீசலே வேணாம்” என்றார் பாஸ். ஒரு மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் விட்டால் மின்சாரம் வருமாம், புகைக்குப் பதில் தண்ணீர் சொட்டுமாம். வெளிநாட்டு நகரங்களில் பஸ்களே அப்படி ஓடுவதைப் போனில் பார்த்திருந்தார். கொழும்பிலிருந்து சவ்வு வரவழைத்தார். தோட்டத்து லயத்து வீட்டு வரிசை மாதிரி தகடுகளை ஒட்டி ஒட்டி அடுக்கினார். சோலார் கரண்டில் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனை டயர் டியூபில் பிடித்தார்.

ஒருநாள் பஸ்ஸின் சிக்னல் பல்ப் எரிந்தது. சொட்டிய தண்ணீரைத் தீர்த்தம் போல ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தார்.

“எப்பங்க பாஸ் வண்டி நகரும்?” என்றேன்.

“மொதல்ல கண்ணு முழிக்கட்டும் தம்பி. அப்பறம் நடக்கும்.”

அக்கா சிரித்தார். “பஸ்ஸ ஓட்டுங்கன்னா தண்ணி கறந்து குடுக்குறாரு. எனக்குத் தண்ணியே அளவாத்தான் குடிக்கச் சொல்லியிருக்காங்க!”

பெரிய அடுக்கு தயாரானது. ஒரு முழமாவது நகர்த்திக் காட்டுவதாகச் சொன்னார். டிரைவர் செல்வம் சாமி கும்பிடாமல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டான். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். கற்பூரம் ஏற்றினான்.

“டேய், நெருப்...” என்றார் பாஸ்.

டம்!

பாஸின் இரண்டு புருவமும் போயின. எலுமிச்சம்பழம் நான்கும் அப்படியே இருந்தன. அடுக்கு கரியாகிக் கிடந்தது.

“சாமி கும்புடாம எப்புடிங்க பாஸ் வண்டிய எடுக்கிறது?” செல்வம் அழுதான்.

“கேஸ் கசியும்னு ஒனக்குச் சொல்லல. என் தப்புடா.”

வெடிக்காமல் இருந்திருந்தாலும் அது ஹட்டன்வரை போயிருக்காது. எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். அதன் பிறகு தேயிலைக் கொழுந்து லொறி வந்த நாளில் அக்கா அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். வராத நாளில் வீட்டிலேயே வீங்கிப்போய்ப் படுத்திருந்தார். அடைமழை மாதத்தில் இறந்துபோனார்.

சாவு வீட்டில் கற்பூரம் செல்வத்தின் கையில் இருந்தது. ஏற்றப் பயந்து நின்றான். புருவம் முளைக்காத முகத்தோடு பாஸ் பக்கத்தில் வந்தார்.

“கொளுத்துடா. இங்க கேஸ் இல்ல.”

டீசல் வந்தது. மறுவருடம் பாஸும் இறந்துபோனார். கராஜ் பூட்டிக் கிடக்கிறது. பஸ் இன்னமும் அந்த வாசலிலிருந்துதான் புறப்படுகிறது. ஆனால் வளைவைத் தாண்டிய பிறகுதான் கற்பூரம் ஏற்றுகிறோம். சில காலைகளில் செல்வம் மறந்துபோய் வாசலிலேயே தீப்பெட்டியை எடுப்பான்.

“செல்வம், கேஸ் இருக்கு!” என்று கத்துவேன்.

எனக்குக் கூச்சமில்லாமல் சத்தமாக வருவது அது ஒன்றுதான்.