பல்செட்டும் பிளாஸ்டிக் ஜோசியரும்

டம்ளர் தப்பித்துக்கொண்டது. அதற்குள் ஊறிக்கிடந்த பல்செட்தான் வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகப் போயிற்று.

துண்டை எடுக்கக் கை நீட்டித் தட்டிவிட்டவர் பிளாஸ்டிக் ஜோசியர். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கிற வேலை. ஒரு துணுக்கைக் கொளுத்தி மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்: மெழுகுவர்த்தி வாசனை என்றால் பாலித்தீன், முடி பொசுங்கின நாற்றம் என்றால் நைலான், பழ வாசனை என்றால் அக்ரிலிக். அதனால் அந்தப் பட்டம். புதிதாகக் கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக்கு மனைவியோடு வந்து தங்கியவர், நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் சம்பந்தியின் காது புளிக்கும்வரை இதையெல்லாம் சொல்லித் தீர்த்திருந்தார்.

இப்போது உள்ளங்கையில் நாலு முன்பற்கள், ரோஸ் நிற ஈறு இரண்டு துண்டு.

"அக்ரிலிக்" என்று வாய் தானாக முணுமுணுத்தது.

பாலிகார்பனேட்டாக இருந்திருந்தால் மாடியிலிருந்து போட்டாலும் குதித்து எழுந்து நின்றிருக்கும். அக்ரிலிக் பார்க்கத்தான் பளபளப்பு. விழுந்தால் கண்ணாடிக்குக் கூடப்பிறந்த தங்கச்சி.

யாருடையது என்று யோசிக்கவே வேண்டாம். சம்பந்திக்கு இன்று அலுவலகத்தில் பணி ஓய்வு விழா. ஏற்புரை பேச வேண்டும். ஆனால் காலையிலிருந்து மனிதர் வாயே திறக்கவில்லை. வணக்கம் சொன்னதற்குக்கூடத் தலையாட்டல்தான்.

டொக், டொக்.

"யாரு?"

பதில் இல்லை. மறுபடியும் டொக், டொக்.

பல் இல்லாத மனிதர் எப்படிக் குரல் கொடுப்பார்? ஜோசியருக்குக் காது மடல் சுட்டது.

கொஞ்ச நேரத்தில் மகள் வந்தாள். "அப்பா, உள்ள என்ன பண்றீங்க? மாமா கிளம்பணும்."

"அவர் ஏதாவது சொன்னாராம்மா?"

"அவர் எங்கேப்பா பேசுறாரு? மேடையில தொண்டை கம்மிடுமாம். காலையிலேர்ந்து சைகைதான்."

பாவம், மருமகளிடம்கூட மறைக்கிறார்.

"பாப்பா, சொட்டு விட்டா சட்டுனு ஒட்டிக்கிற பசை இருக்கா?"

"பாத்ரூம்ல எதுக்குப்பா பசை?"

"செருப்பு வார் அறுந்துபோச்சு."

"உங்க செருப்பு வாசல்லதானே கிடக்கு?"

"கொடும்மா."

கதவிடுக்கில் பசை வந்தது. பசை நல்ல பசைதான். அவசரம்தான் பொல்லாதது. ஈறு கோணலாக ஒட்டிக்கொண்டது. கூடவே அவருடைய கட்டைவிரலும். உதறிப் பார்த்தார். பல்செட் விரல் நுனியில் நின்று அவரைப் பார்த்து இளித்தது.

"பாப்பா, நகப்பூச்சு அழிக்கிற தண்ணி இருக்கா?"

கதவிடுக்கில் பாட்டில் வந்தது. "அப்பா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"கையில கறைம்மா."

விரல் விடுபட்டது. ஆனால் அந்தத் தண்ணீரில் இருந்தது அசிட்டோன். அது பட்ட இடமெல்லாம் அக்ரிலிக் வெளுத்து, பொடிப்பொடியாக விரிசல் விட்டு, பிசுபிசுத்தது. 'அசிட்டோன் படக்கூடாது' என்று தொழிற்சாலைச் சுவரில் எழுதி ஒட்டியவரே அவர்தான். பதற்றத்தில் படித்ததெல்லாம் பறந்துபோயிற்று.

இனி கோணலையாவது நிமிர்த்தலாம். கொதிக்கிற தண்ணீரில் அக்ரிலிக் இளகிக் கொடுக்கும், நைசாக வளைத்துவிடலாம்.

"கெட்டில்ல கொஞ்சம் வெந்நீர் கொடும்மா."

"எதுக்குன்னு கேக்கமாட்டேன்" என்றாள் மகள். "அம்மா வேற வாயில கைக்குட்டையை வச்சுக்கிட்டு, பேசாம இங்கயும் அங்கயும் நடக்குறாங்க. சண்டையா?"

"இல்லையே."

மனைவிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அவமானம் தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

வெந்நீரில் அக்ரிலிக் இளகத்தான் செய்தது. அளவுக்கு மேல் இளகியது. வளைந்திருந்த ஈறு வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி நிமிர்ந்து மல்லாந்தது. இதை இனி யார் வாயிலும் வைக்க முடியாது.

டொக், டொக், டொக். இந்தத் தடவை அவசரமாக.

ஒளித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒளித்தால் பழி வீட்டு மருமகளான தன் மகள் தலையில்தான் விழும். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, மாமனார் மேடையில் பொக்கை வாயோடு நின்றால் அவள் பிழைப்பு என்னாவது?

பல்செட்டைத் துண்டில் ஏந்திக்கொண்டு கதவைத் திறந்தார். வாசலில் கைக்குட்டையோடு மனைவி நின்றாள். துண்டைப் பார்த்ததும் கண்கள் விரிந்தன. கையை வேகவேகமாக ஆட்டினாள்.

"தடுக்காதே. நானே சொல்லிடறேன்" என்று அவளைத் தாண்டிக் கூடத்துக்குப் போனார்.

சம்பந்தி கழுத்தில் மப்ளரோடு நாற்காலியில் இருந்தார். ஜோசியர் அவர் முன்னால் தலை குனிந்து நின்றார்.

"சம்பந்தி, பொண்ணு கொடுத்த வீட்டுக்கு வந்து உங்க பல்லை உடைச்சுட்டேன். ஒட்டவச்சேன், கோணிடுச்சு. வெந்நீர்ல போட்டேன், விரிஞ்சுபோச்சு. பிளாஸ்டிக்கைப் பத்தி நேத்து அவ்வளவு பேசினவன் நான்தான். எம்பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. என்னை என்ன வேணா சொல்லுங்க."

சம்பந்தி துண்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காபித் தட்டோடு வந்த சமையல்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"எங்க ஐயாவுக்கு அத்தனையும் சொந்தப் பல்லுங்க. இது உங்க வீட்டம்மாவோடது. பல்லு கட்டிப் பத்து வருஷமாச்சு, எங்க வீட்டுக்காரர் இன்னும் கண்டுபிடிக்கலைன்னு நேத்துதான் எங்கிட்ட சொல்லிச் சிரிச்சாங்க."