தரையை நம்பாத பூகம்பம் சார்

கடவுள் உண்டா இல்லையா என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எழுபதுகளில், காலுக்குக் கீழே தரை உண்டா என்று சந்தேகப்பட்டவர் திருச்சியிலேயே பூகம்பம் சார் ஒருவர்தான். மண் பரிசோதனை இன்ஜினீயர். பெற்றோர் வைத்த பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று தரையை ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். திருப்தியானால்தான் உள்ளே வருவார். ஸ்ரீரங்கத்தில் தைத்தேர் அன்று எல்லோரும் அண்ணாந்து பெருமாளைச் சேவிக்கும்போது, இவர் குனிந்து ரோட்டில் உள்ளங்கையை வைத்திருப்பார். "இருங்க சார், மண்ணு நடுங்குது, பார்த்துட்டு வரேன்" என்பார்.

கொள்ளிடக் கரையோரம் நாங்கள் மனை வாங்கினோம். வாடகை வீடுகளில் அலுத்துப்போன என் மனைவி கமலாவுக்கு அந்த மனை உயிர். "கட்டறதுக்கு முன்னாடி குத்திப் பார்த்துடலாம்" என்று பூகம்பம் சார் தானாகவே ஆட்களோடு வந்துவிட்டார். குழாயை நிறுத்தி, அதன் தலையில் இரும்புக் குண்டைக் கயிற்றால் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். நிறைய அடி வாங்கி இறங்கினால் கெட்டி மண். சுலபமாக இறங்கினால் வம்பு. போர் போடுகிறோம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு மாமி குடத்தோடு வந்து நின்றாள்.

மேல்மண் ஜம்மென்று அடி வாங்கியது. கொஞ்சம் ஆழம் போனதும் குண்டை மேலே வைத்தார்கள், இன்னும் அடிக்கவில்லை. குழாய் தானாக இறங்கியது. சத்தமே இல்லை. கீழே யாரோ பிடித்து இழுப்பதுபோல் நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆட்கள் கயிற்றை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். குடம் இருந்தது, மாமியைக் காணோம்.

பூகம்பம் சார் முகம் மலர மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். உள்ளே ஏதோ மூச்சு விட்டது. பட்டப்பகலிலேயே நான் சட்டென்று காதை எடுத்துக்கொண்டேன்.

"பொலபொலன்னு மணல், அதுக்குள்ள தண்ணி. பூமி ஒரு உலுக்கு உலுக்கினா எல்லாம் கூழாயிடும். வீடு நின்னபடியே முங்கும்" என்றார்.

"வாயைக் கழுவுங்க! திருச்சியில ஏது பூகம்பம்?" என்று கமலா சீறினாள்.

"வராதுன்னு மணலுக்கு யாரும் சொல்லலையேம்மா. கெட்டி மண்ணு வரைக்கும் தூண் இறக்கிட்டுக் கட்டுங்க."

கமலா வெகுநாள் அவருக்குக் காபி கொடுக்கவில்லை. ஆனாலும் கையிலிருந்த பணம் தூணுக்கே சரியாகும் என்று மாடி ஆசையை விட்டுவிட்டுத் தூண் இறக்கித்தான் கட்டினோம். கிரகப்பிரவேசத்தன்று வாசலை மிதித்துப் பார்த்து, "இங்க தைரியமா உட்காரலாம்" என்று கமலாவைப் பார்த்துச் சொன்னார். அன்றுதான் அவருக்குக் காபி கிடைத்தது. அப்புறம் தினம் அந்த மிதிச் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அவர் காலமான பிறகு ஒரு மத்தியானம், அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. வாசல் பக்கம் யாரோ ஓங்கி மிதித்ததுபோல் தரை அதிர்ந்தது. தெருவே அலறியடித்து வெளியே ஓடியது. நானும் எழுந்துவிட்டேன். கமலா நகரவில்லை. குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள்.

"நம்ம சார்தாங்க" என்றாள் என்னிடம். பிறகு வாசலைப் பார்த்து, "உள்ள வாங்க சார், காபி போடறேன்" என்றாள்.