குழாய் தானாக வரும் ஊர்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை கோவிந்தராஜன் அவர்களுக்கு, ஸ்ரீராம்புரத்திலிருந்து மாமனார் சொல்ல, மருமகள் சௌம்யா எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் சுகம். நீங்களும் என் மகள் தீபிகாவும் சுகந்தானே.

கொரோனாவுக்காக ஊரே தட்டைத் தட்டிய வருஷம், என் கூட்டாளி பச்சைமுத்துவைத் தூக்க நாலு பேர் சேராத வருஷம், அப்போதுதான் நீங்கள் கம்ப்யூட்டரில் ஊர் கட்டும் ஆட்டத்தின் முதல் பாகத்தைப் போட்டுக் கொடுத்தீர்கள். முப்பத்தோரு வருஷம் கார்ப்பரேஷன் சாக்கடை மோரியில் இறங்கியவனுக்கு அது சொந்த வேலை மாதிரி இருந்தது. ரோடு போட்டால் போதாது, அடியில் குழாயும் இழுக்க வேண்டும். மறந்தால் வீட்டுக்கு மேல் ஒரு நீர்த்துளி மின்னும். கைநாட்டுக்காரனான எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அந்தத் துளிதான். நடமாடும் பொம்மைகளுக்குப் பேர் வைக்கலாம் என்றதும் எங்கள் கேங் ஆட்களையே வைக்கச் சொன்னேன்: பச்சைமுத்து, அமல், நான், மேலே நின்று அதட்டிய டென்சில் மேஸ்திரி. நிஜத்தில் செத்துப்போன பச்சைமுத்துவும் அமலும் அங்கே பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். "பச்சைமுத்து எங்கம்மா?" என்றால் சௌம்யா, "இதோ, பஸ்டாப்புல நிக்கிறாரு மாமா" என்பாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

உங்கள் ஹெப்பகோடிக்கு மெட்ரோ வந்த வருஷம் இரண்டாம் பாகம் கொண்டுவந்தீர்கள். அழகுதான், பனிகூடக் கொட்டுகிறது. ஆனால் ரோடு போட்டாலே அடியில் குழாய் தானாக வந்துவிடுகிறது! பெங்களூரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். போட்ட ரோட்டை மறுவாரம் தோண்டாத ஊர் ஒரு ஊரா? பழைய ஊரை இதில் திறக்கவும் முடியாதாம். கம்ப்யூட்டரில் இடம் பத்தவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை வந்து முதல் பாகத்தை அழிக்கப்போகிறீர்களாம். வேண்டாம் மாப்பிள்ளை. அமலை ஒரு தரம் புதைத்தாயிற்று, பச்சைமுத்துவை ஒரு தரம் எரித்தாயிற்று. இன்னொரு தரம் என்னால் ஆகாது.

உங்கள் வீட்டுக் குழாயில் காவேரி நிற்காமல் வரட்டும்.

மாமனார் (கைநாட்டு)

பி.கு. மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டுச் சௌம்யா அழுதாள். "மன்னிச்சிடுங்க மாமா. அந்த பொம்மைங்களுக்கும் வயசாகுது. பச்சைமுத்து மாமா, அமல் மாமா ரெண்டு பேரும் எப்பவோ போய்ட்டாங்க. உங்களையே சவ வண்டி தூக்கிட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. படிக்கத் தெரியாதேன்னு போறவங்க வர்றவங்களக் காட்டிட்டு இருந்தேன்" என்கிறாள். இதையும் அவளையே எழுதச் சொன்னேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள், அழித்துவிடுங்கள். அந்த ஊரில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான், பள்ளத்தில் ஒரு நாளும் இறங்காத டென்சில் மேஸ்திரி.