இழுவை ரீச்சரும் ஒரு விதியும்

வன்னியில் இழுவை ரீச்சரின் கைபடாத பாரம் ஒன்று இருந்தால், அது இன்னும் லொறியை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம். தூக்க முடியாததை இழுப்பார். இழுக்க முடியாததைத் தள்ளுவார். தள்ளவும் முடியாததை முறைத்துப் பார்ப்பார், அது தானாய் அசையும்.

முல்லைத்தீவுக் கரையோரம் எங்கள் பொது மண்டபத்தில் அவர் பெண்பிள்ளைகளுக்கு, ஆளைப் பிடித்து எறியும் யூடோ பழக்குகிறார். மண்டபக் குழுவின் தலைவர் நான். அரசாங்கச் சுற்றுநிருபங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் ஓய்வூதியக்காரனுக்கு ஊர் கொடுக்கும் தண்டனை அது.

வெளிநாட்டிலிருந்து யாரோ பளு தூக்கும் இரும்புகள் அனுப்பினார்கள். ரீச்சர் அவற்றைக் கதவு அடிக்காமலிருக்க முண்டாக வைத்தார்.

"நல்ல சாமானெல்லே, ரீச்சர்?" என்றேன்.

"எதிராளி கைபிடியோடயோ வாறாள், சேர்?"

இரும்புக்குப் பதிலாக ஈர மண் நிரப்பிய உரப்பை வந்தது. கட்டிப்பிடித்தால் நழுவும், குழையும். ஆட்களும் அப்படித்தானாம். ஒருமுறை புதுக்குடியிருப்பு வீதியில் பஸ் நின்றுபோக, பிள்ளைகளை இறக்கித் தள்ளவிட்டார். எஞ்சின் பிடித்ததும் சாரதியிடம் ஓடினார்.

"தம்பி, இன்னொருக்கா நிப்பாட்டுங்கோ. ரெண்டு பேருக்கு இன்னும் வேர்க்கேல்லை."

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு கரைவலை. விடியப்புறம் பிள்ளைகள் கடற்கரையில் வரிசையாக நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாய் அடிவைத்து வலையை இழுப்பார்கள். பிடி, இடுப்பு, கால் மூன்றும் ஒன்றாய் வேலை செய்ய இதைவிட வேறு பயிற்சி இல்லை என்பது ரீச்சரின் கட்சி. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் மறுத்துப் பேசவேயில்லை.

பெற்றோர் பேசினார்கள். "பிள்ளையள் படிக்கிறதோ, மீன் இழுக்கிறதோ?" ரியூசன் மாஸ்டர் ஒருவரும் மண்டபத்தில் கண் வைத்திருந்தார். குழு முடிவெடுத்தது: வருகிற போட்டியில் ஒரு பிள்ளையாவது வென்றால் யூடோ தொடரும், இல்லாவிட்டால் மண்டபம் ரியூசனுக்கு.

ரீச்சரின் நம்பிக்கையெல்லாம் ஜெனிற்றா. கடற்தொழில் வீட்டுப் பிள்ளை; பிடித்தால் விடமாட்டாள். போட்டியிலும் விடவில்லை. எதிராளியின் சட்டையைப் பிடித்தவள் பின்பக்கமாய் நடந்தாள், மெத்தையின் விளிம்பைத் தாண்டி, நடுவர் மேசை வரைக்கும். தண்டனை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் மேசைக்கே வந்து சேர்ந்தாள்.

"பிள்ளை, விடு! அது வலையில்லை!" என்று ரீச்சர் கத்தினார்.

மூன்றாம் முறை எதிராளி, பாவம், பழகிப்போய்த் தானாகவே அவளோடு நடந்து வந்தாள். மூன்றாவது தண்டனையோடு ஜெனிற்றா தோற்றாள்; மற்றப் பிள்ளைகளும் வெல்லவில்லை.

திரும்பிவரும் பஸ்ஸில் பிள்ளை விம்மி விம்மி அழுதது.

"அழாதை. நீ சரியாய்த்தான் இழுத்தனீ. கரை எங்க முடியுதெண்டு நான்தான் சொல்லித் தரேல்லை" என்றார் ரீச்சர்.

அடுத்தநாள் விடிய, கடற்கரை மணலில் காலால் ஒரு கோடு கீறினார். கோட்டுக்குக் கிட்ட வந்ததும் கயிற்றை விட்டு, திரும்பி, மண்மூட்டையை எறியவேண்டும். ஜெனிற்றா எறிந்த மூட்டை சம்மாட்டியாரின் காலடியில் விழுந்தது. அவர் அன்றிலிருந்து தள்ளியே நிற்கிறார்.

குழு கூடியது. மாஸ்டர் கைநீட்டி மண்டபச் சாவியைக் கேட்டார். ரீச்சர் அதை மேசையில் வைத்தார். அவர் ஒன்றை இழுக்காமல் விட்டதை அன்றுதான் கண்டேன்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "ஒரு வகுப்பை நிப்பாட்ட முன்னம், முழுக் குழுவும் அதிலை நேரடியாய்ப் பங்குபற்றிப் பாக்கவேணும். அதுதான் விதி."

"எத்தினை மணிக்கு?" என்றார் மாஸ்டர்.

"விடிய நாலரைக்கு. கயிறும் இழுக்கவேணும்."

குழு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. விடயம் ஒத்திவைக்கப்பட்டது; இன்றுவரை அப்படியே இருக்கிறது.

வாசலில் ரீச்சர் என்னை மறித்தார். "சேர், உண்மையிலை அப்பிடியொரு விதி இருக்கோ?"

"ஓம், இருக்கு" என்றேன்.

என் சேவைக்காலம் முழுவதும் இல்லாத விதியொன்றை நான் யாருக்கும் சொன்னதில்லை. ரீச்சருக்காகத்தான் முதன்முதலாக ஒன்றை நானே உண்டாக்கினேன்.